ஆறு ரூபாய் எழுபத்தெட்டு காசு

(குரோம்பேட்டை எம்.ஐ.டி. முன்னாள் மாணவர் சந்திப்பில், ஆட்டோமொபைல் பிரிவில் 2012இல் பட்டம் பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் என்னிடம் மின்சார வாகனங்களின் எதிர்காலம் பற்றிப் பேசச் சொன்னார். அதைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருபது பேராவது இருப்பார்கள். தவிர, அந்தப் பேச்சை நீங்கள் வருடத்துக்கு நாலு தடவை எங்கேயாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதனால் வேறொரு விஷயம் பேச அனுமதி கேட்டேன். என்ன விஷயம் என்றார். சாப்பாடு என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். எந்தச் சாப்பாடு என்று அவர் கேட்கவில்லை.

மதிய உணவுத் திட்டத்துக்கு இப்போது பி.எம். போஷன் என்று பெயர். அதில் ஒரு தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு நாள் சமையல் பொருள் செலவாக 2025 மே 1 முதல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை 6 ரூபாய் 78 காசு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்கு 10 ரூபாய் 17 காசு. அரிசி தனியாக வந்துவிடும். பருப்பு, காய்கறி, எண்ணெய், உப்பு, புளி, மிளகாய், அடுப்பு எரிக்கிற செலவு அத்தனையும் இதற்குள் அடங்க வேண்டும். இந்தத் தொகையையும் மத்திய அரசு அறுபது, மாநில அரசு நாற்பது என்று பங்கு போட்டுக்கொள்கின்றன.

நம்ம ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் 6 ரூபாய் 78 காசுக்கு முழு டீ கிடைக்காது. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்தத் தொகையை மட்டும் நம்பி இல்லை என்பது உண்மை. நம் மாநில அரசு தன் கையிலிருந்து இதற்கு மேல் போடுகிறது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தார்கள்; 1998இல் வாரம் ஒன்று ஆயிற்று; 2010இல் வாரம் ஐந்து நாளும் முட்டை என்றானது. ஒரு முட்டை விலையும் 6 ரூபாய் 78 காசும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று வீட்டுக்குப் போய் மளிகை பில்லைப் பாருங்கள். டெல்லியில் போட்ட கணக்கில் முட்டைக்கு இடமே இல்லை. நாம் போட்ட கணக்கில் இடம் வந்தது. எப்படி வந்தது என்பதில்தான் ஒரு இன்ஜினியருக்குப் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க ஆரம்பித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. இன்னும் சில பள்ளிகளுக்கும் போயிற்று. 1925 ஏப்ரலில் நின்றுவிட்டது. ஏன்? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்க ஆங்கில அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்குப் பசி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மாநகராட்சியிடம் பணமே இல்லை என்றும் சொல்லவில்லை. எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் தகராறு. பிற்பாடு சிறிய அளவில் மறுபடியும் தொடங்கினார்கள் என்றாலும், அந்த முதல் நிறுத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே தகராறு இன்றைக்கும் வேறு பெயரில் நடக்கிறது. அதற்கு வருகிறேன்.

1956இல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் நன்கொடையும் தானியமும் திரட்டினார். 1961இலிருந்து கேர் நிறுவனத்தின் உதவி வந்தது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமத்துக் குழந்தைகள், சில மாதங்களில் நகரத்துக் குழந்தைகள், 1984இல் பதினைந்து வயது வரை. அப்போது படித்த பொருளாதார மேதைகள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். மாநிலம் திவாலாகிவிடும், இந்தப் பணத்தில் தொழிற்சாலை கட்டலாமே என்றார்கள். தொழிற்சாலைகள் பிறகு தாமாகவே வந்தன. ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வந்து இறங்கிய கம்பெனிகள் தமிழ்நாட்டை ஏன் தேர்ந்தெடுத்தன என்று கேட்டால் துறைமுகம், மின்சாரம் என்று சொல்வதோடு, 'படித்த, திறமையான தொழிலாளர்கள் கிடைக்கிறார்கள்' என்பதையும் சொல்வார்கள். அந்தத் தொழிலாளி 1982இல் எங்கே உட்கார்ந்து தட்டு ஏந்தினான் என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டம் 1,545 பள்ளிகள், 1 லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகள், 33 கோடியே 56 லட்சம் ரூபாய். 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. கட்சிக்காரர்கள் இதில் யாருக்குப் பெருமை என்று சண்டை போடட்டும். எனக்கு எல்லோர் மேலும் மரியாதை உண்டு. ஒருவர் செய்ததை அடுத்தவர் நிறுத்தாமல் மேலே ஒரு முட்டை வைத்தார் பாருங்கள், நம்ம ஊர் அரசியலில் அதுவே அதிசயம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கட்டிய செலவு சுமார் 394 கோடி ரூபாய். அதே 2023இல் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தபோது சொன்ன மதிப்பீடு சுமார் 404 கோடி ரூபாய். 31 ஆயிரத்துச் சொச்சம் பள்ளிகள், பதினைந்தே முக்கால் லட்சம் பிள்ளைகள். ஏறக்குறைய ஒரே தொகை.

உடனே முன்வரிசையில் சிவில் அண்ணன் ஒருவர் கையைத் தூக்குகிறார், பார்க்கிறேன். 'தம்பி, பஸ் ஸ்டாண்டு நாற்பது வருஷம் நிற்கும். உப்புமா மதியத்துக்குள் ஜீரணமாகிவிடும். ரெண்டையும் எப்படி ஒப்பிடுவே?' என்கிறீர்கள். மிக நியாயமான கேள்வி. அரசாங்கமும் இதையேதான் சொல்கிறது. பட்ஜெட்டில் பஸ் ஸ்டாண்டு மூலதனச் செலவு. மேம்பாலம் மூலதனச் செலவு. அங்கன்வாடிக் கட்டடம்கூட மூலதனச் செலவு. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறூட்டுகிற அம்மாவின் சம்பளம் வருவாய்ச் செலவு. அந்தச் சோறும் வருவாய்ச் செலவு. 2003இல் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது; வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நோக்கம் நல்லதுதான். ஆனால் நிதித் துறையில் உட்கார்ந்திருப்பவர் எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்று சிவப்புப் பேனாவை எடுக்கும்போது, கான்கிரீட் தப்பித்துவிடும், கீரை மாட்டிக்கொள்ளும். 1925இல் நடந்ததும் இதுவேதான். தலைப்புதான் பிரச்சினை.

நம் தொழிலில் ஒரு மெஷினை வாங்கினால் அதற்குத் தேய்மானம் போடுகிறோம். வருடா வருடம் மதிப்புக் குறையும். கிளாம்பாக்கத்துக் கட்டடமும் அப்படித்தான். இப்போதே எங்காவது ஒரு குழாய் ஒழுக ஆரம்பித்திருக்கும். மூன்று வயதில் ஒழுங்காகச் சாப்பிட்ட குழந்தைக்கு இருபது வயதில் மதிப்புக் கூடுகிறது. அந்தக் குழந்தை தாயாகும்போது மறுபடியும் கூடுகிறது. இது கவிதை இல்லை. 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 1993 முதல் 2016 வரையிலான தேசிய மாதிரி விவரங்களை வைத்து, பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் பிற்பாடு பெற்ற குழந்தைகளின் உயரத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்த உணவு எட்டிய பெண்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைவாக இருந்தது. அதாவது பாப்பாக்குறிச்சியில் போட்ட சோறு ஒரு தலைமுறை தாண்டி வேலை செய்கிறது. இப்படி நிற்கிற மேம்பாலம் இருந்தால் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் இப்சிலான்டியில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளிச் சோதனை பற்றிப் பொருளாதாரம் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 123 ஏழைக் குழந்தைகள்; பாதிப் பேருக்கு நல்ல பாலர் பள்ளி, மீதிப் பேருக்கு இல்லை. நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் குழு 2010இல் கணக்குப் போட்டு, போட்ட பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் திருப்பித் தந்தது என்றது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக் கொண்டுவந்து மேடவாக்கத்தில் ஒட்ட முடியாது. 123 குழந்தைகள் மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனாலும் ஃபிக்ஸட் டெபாசிட் போடுகிற ஊர்க்காரர்கள் நாம். ஏழு சதவீதம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்.

சரி, நம் கல்லூரிக்கு வருகிறேன். திரு. சி. ராஜம் 1949இல் இந்தக் கல்லூரியைத் தொடங்கத் தம்முடைய 'இந்தியா ஹவுஸ்' வீட்டை விற்று 5 லட்ச ரூபாய் கொடுத்தார் என்று முதலாம் ஆண்டு வரவேற்பு நாளிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே படித்த அப்துல் கலாம், சேர்க்கைப் பணம் கட்ட வழியில்லாமல் நின்றபோது அவருடைய அக்கா ஜோஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார் என்பதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சந்திப்பிலும் யாராவது இதைச் சொல்கிறோம், கண் கலங்குகிறோம், கை தட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கதையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அக்காவிடம் வளையல் இல்லாத எத்தனை பையன்கள் அந்த வருடம் வாசலோடு திரும்பிப் போயிருப்பார்கள்? ராஜம் மாதிரி வீடு விற்கிற மனிதர் ஒரு தலைமுறைக்கு ஒருவர் கிடைத்தால் பெரிது. ஒரு குழந்தையின் எதிர்காலம் யாரோ ஒருவருடைய வளையலில் தொங்கக் கூடாது என்பதற்காகத்தான் அரசாங்கம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம், வரி கட்டுகிறோம். 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பிறகு இந்த வளாகத்தில் படித்த நாம் எல்லோரும் மக்கள் பணத்தில் படித்தவர்கள். நான் கட்டிய செமஸ்டர் ஃபீஸை இன்றைக்கு என் மகளின் எல்.கே.ஜி. ஃபீஸோடு ஒப்பிட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பதினெட்டு வயதில் இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தவனுக்கு அரசு தாராளமாகச் செலவழிக்கிறது. வந்து சேர முடியாமல் போனவன் பெரும்பாலும் மூன்று வயதிலேயே, ஆறு வயதிலேயே பின்தங்கிவிட்டான். 2021இல் தொழிற்கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மிக நல்ல காரியம். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு: பிழையை வரைபடத்தில் திருத்தினால் ஒரு ரூபாய், அசெம்பிளி லைனில் திருத்தினால் பத்து ரூபாய், வண்டி ரோட்டுக்கு வந்த பிறகு திருத்தினால் நூறு ரூபாய். நாம் பிள்ளைகள் விஷயத்தில் நூறு ரூபாய்க் கட்டத்தில்தான் முழித்துக்கொள்கிறோம்.

வண்டி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆட்டோமொபைல்காரன் நான், சொல்லாமல் போக முடியாது. 2012 ஜூலை 25. நாங்கள் கடைசி செமஸ்டர் முடித்து வெளியே வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் சாலையில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து, அதே வண்டியின் பின்சக்கரத்தில் இறந்துபோனாள். இங்கே இருக்கிற பலருக்கு நினைவிருக்கும். வண்டியை ஜனங்கள் கொளுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் தமிழ்நாட்டில் வந்தன.

நம் பிரிவுத் தம்பிகளைக் கேட்கிறேன்: அந்த ஓட்டையை அடைக்க என்ன வேண்டும்? ஒரு துண்டு செக்கர்டு பிளேட், ஒரு வெல்டர், அரை நாள். அவ்வளவுதான். அந்த வண்டி தகுதிச் சான்று வாங்கிய வண்டி. சான்று கொடுக்கிறவர் வண்டிக்குள் ஏறி, சீட்டுக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க அவருக்கு நேரம் வேண்டும். ஆய்வாளர்கள் போதிய அளவு வேண்டும். ஆய்வுக்கு ஒழுங்கான குழி, கருவி வேண்டும். மனசாட்சியும் வேண்டும், அதை பட்ஜெட்டில் ஒதுக்க முடியாது. மற்றதை எல்லாம் ஒதுக்க முடியும். குழந்தைகளுக்கான அரசுச் செலவு என்றால் முட்டையும் புத்தகமும் மட்டும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரின் சம்பளமும் குழந்தைகளுக்கான செலவுதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ, கூரை வேய்ந்த வகுப்பறை. அதன் பிறகுதான் பள்ளிகளில் ஓலைக் கூரை போயிற்று. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் நம் ஊரில் ஒரு சாவு இருக்கிறது. அந்த வரிசையை மாற்ற முடியாதா என்பதே என் கேள்வி.

இப்போது நம்மைச் சுற்றி என்ன நிலைமை? 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்தியா முழுவதும் 35.5. 'பரவாயில்லையே, நாம முன்னாடி இருக்கோம்' என்று தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட நம் குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 57.4 சதவீதம். 2015–16இல் அது 50.7. குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் நன்றாகக் கவனித்துக்கொள்கிறோம். அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில்தான் ஓட்டை. அங்கன்வாடிக் குழந்தைக்கான ஊட்டச்சத்துக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று 2017இல் மத்திய அரசு வரையறுத்தது. அதன்பின் பல ஆண்டுகள் அதே எட்டு ரூபாய். விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

காலையில் எட்டு மணிக்குத் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். 1984இல் வந்த ஏற்றுமதி மண்டலம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருகிற பெண்கள். அங்கன்வாடி பிற்பகலிலேயே மூடிவிடும். ஷிப்டு முடிய மாலை ஆகும். நடுவில் அந்த இரண்டு மூன்று மணி நேரம் குழந்தை எங்கே? பக்கத்து வீட்டு ஆயா, எட்டு வயது அக்கா, சில நேரம் பூட்டிய கதவு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டத் திருத்தம் வந்தது. சின்னப் பட்டறைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற அம்மாக்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர்களுக்காக இருந்த மத்திய அரசின் காப்பகத் திட்டத்தில் அதே ஆண்டுதான் நிதிப் பங்கீட்டை மாற்றினார்கள். நாடு முழுவதும் காப்பகங்கள் பெருமளவில் மூடப்பட்டன.

இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர். கூவம் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் ஆயிரமாயிரம் குடும்பங்களைக் கொண்டுவந்து அடுக்கு மாடியில் குடிவைத்தோம். லிஃப்ட் முதலில் வந்தது; பள்ளியும் அங்கன்வாடியும் பின்னால் மெதுவாக நடந்து வந்தன. அந்த மண்ணிலிருந்துதான், 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணிக்கு ஒரு பெண் போனாள். ஊரே கொண்டாடியது. அவள் ஆடிப் பழகியது பொது இடத்தில். ஒரு மைதானத்தைச் சமப்படுத்தி விளக்குப் போட என்ன செலவாகும் என்று இங்கே இருக்கிற எலெக்ட்ரிகல் ஆட்கள் அஞ்சு நிமிஷத்தில் எஸ்டிமேட் போட்டுவிடுவீர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் பதினெட்டு வயது வரை உள்ளவர்கள் நூற்றுக்கு 39 பேர். 2008–09 முதல் மத்திய பட்ஜெட்டோடு குழந்தைகளுக்கான ஒதுக்கீட்டைத் தனியே காட்டும் அறிக்கை ஒன்று வருகிறது. அண்மை ஆண்டுகளில் அது நூறு ரூபாய்க்கு இரண்டரை ரூபாய்கூட இல்லை. குழந்தைகளுக்கு ஓட்டு இல்லை, சங்கம் இல்லை, ஸ்டிரைக் பண்ணத் தெரியாது. நமக்கு மூன்றும் உண்டு.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான் இந்த விஷயத்தை எழுதியபோது வந்த பதில்கள் இரண்டு வகை. ஒன்று, 'இலவசம் கொடுத்துக் கொடுத்துத்தான் நாடு கெட்டுப்போச்சு.' பெரியவர்களுக்குக் கொடுத்த டி.வி., மிக்சி பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கட்டும், எனக்கும் உண்டு. மூன்று வயதுக் குழந்தை உழைத்துச் சாப்பிட வேண்டும் என்று இந்தக் குழுவில் யாரும் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இரண்டாவது, 'போட்ட பணம் போய்ச் சேருதா? நடுவுல முழுங்கிடறாங்களே.' இது உண்மையான கவலை. ஆனால் குழாயில் ஒழுக்கு இருந்தால் நாம் பிளம்பரைக் கூப்பிடுவோம். இனிமேல் வீட்டுக்குத் தண்ணீரே வேண்டாம் என்று மெட்ரோ வாட்டருக்கு எழுதிப்போட மாட்டோம்.

மூன்றாவதாக ஒரு யோசனையும் வந்தது, நல்ல மனசோடு வந்தது: சங்கத்தின் சார்பில் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தரலாம், கல்வெட்டில் பேர் போடுவார்கள். தரலாம், தப்பில்லை. ஆனால் மூன்றாம் வருடம் ஃபில்டர் மாற்றுவது யார்? போன வருடம் நாம் எல்லோரும் சேர்ந்து திரட்டியதைக் கிளாம்பாக்கத்தில் இரண்டு பிளாட்பாரத்துக்கு டைல்ஸ் போடக்கூடப் பத்தாது. நம்மிடம் இருக்கிற பெரிய சொத்து அந்தப் பணம் இல்லை. கணக்குப் படிக்கத் தெரிந்த கண்ணும், அதிகாரி முன்னால் நின்று கூசாமல் கேள்வி கேட்கிற வாயும்தான்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லப்பாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். 70 வார்டு. 2022 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியபோது, முதலமைச்சர் வந்து உட்கார்ந்தது நம் பம்மலில்தான். கிராம சபை மாதிரி நகரத்துக்கு ஒன்று. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம் என்று கையைத் தூக்கச் சொல்லப் போவதில்லை.

நாம் கட்டுகிற சொத்து வரியோடு கல்வி வரி, நூலக வரி எல்லாம் சேர்ந்தே வசூலாகிறது. அந்தக் கல்வி வரியில் போன வருடம் எவ்வளவு வந்தது, எந்தப் பள்ளியில் எந்தச் சுவருக்குப் போயிற்று, எவ்வளவு மிச்சம் இருக்கிறது? நம் வார்டில் அங்கன்வாடி எத்தனை, அதில் சொந்தக் கட்டடம் எத்தனை, கழிப்பறை எத்தனை? மெப்ஸ் பக்கத்து வார்டுகளில் மட்டும் அங்கன்வாடியை மாலை ஆறரை வரை திறந்து வைக்க இன்னும் எத்தனை ஊழியர் வேண்டும், வருடச் செலவு என்ன? கடைசிக் கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்காது. அதை நாமே போட்டுக் கையில் கொடுப்போம். இந்த ஹாலில் இருக்கிற மூளைக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தலைவர் அனுமதித்தால், சங்கத்தின் சார்பில் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழு அமைக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் முன்மொழிகிறேன். அதில் இரண்டு பேர் இப்போது படிக்கிற மாணவர்களாக இருக்கட்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். சிட்லப்பாக்கம், பம்மல், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் குடியிருக்கிறவர்கள் வெளியே மேசையில் இருக்கிற நோட்டில் பெயரும் வார்டு எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். வார்டு எண் தெரியாதவர்கள் சொத்து வரி ரசீதைப் பார்த்து நாளைக்கு அனுப்பினால் போதும். அடுத்த பகுதி சபைத் தேதி தெரிந்ததும் குழுவில் போடுகிறேன். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் சந்திப்போம். டீ என் செலவு.

வழிமொழிகிறவர்கள் எழுந்து நிற்கலாம். தம்பிகளே, உங்கள் சாப்பாடு தயார், அதற்காக நிற்பவர்களைக் கணக்கில் சேர்க்க மாட்டோம்.